கடல் பிளந்தது, கட்டு அறுந்ததா?

கடலைப் பிளந்து காட்டிவிட்டார்கள்! இருமருங்கும் மலையென எழும்பி நிற்கும் நீர்ச்சுவர். இடையே உலர்ந்த தரை. அத்தரையில் ஆடும் மாடும் குழந்தையும் கிழவியுமாக நடந்து செல்லும் அடிமைக் கூட்டம். 'பத்துக் கட்டளைகள்' எனும் அமெரிக்கப் படத்தைக் கண்டோர் எவரும் இந்தக் காட்சியை மறந்ததில்லை. 1956இல் வெளிவந்த படம். எழுபது ஆண்டுகளை நெருங்கியும் அதன் செல்வாக்கு தேயவில்லை. 1973 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி அதனை ஒளிபரப்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

நாமும் பார்த்தோம். மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடும் படத்தை, இடையில் எழாமல், இறுதிவரை பார்த்தோம். கடவுட்கதைக்குப் பகுத்தறிவாளர் இத்தனை நேரம் செலவிடலாமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. செலவிடலாம்; செலவிடத்தான் வேண்டும். கோடிக்கணக்கான மக்களின் நெஞ்சில் குடிகொண்ட கதை எதுவாயினும், அது அங்கே எப்படிக் குடியேறிற்று, குடியேறியபின் என்ன செய்தது என்று ஆராய்வது நம் கடமை. பாராமலே பழிப்பது எளிது. பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பதே பயன் தரும்.

கதையை அறியாதார் சிலரே. எகிப்து நாட்டில் எபிரேயர் அடிமைகளாக வாடுகின்றனர். அவர்தம் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு மன்னன் ஆணையிடுகிறான். தப்பிய குழந்தையொன்று அரண்மனையிலேயே வளர்கிறது. அவனே மோசே. தன் பிறப்பை அறிந்தபின் அரச வாழ்வைத் துறந்து, கடவுளின் கட்டளை பெற்று, மன்னனை எதிர்த்து, அடிமைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறான். தமிழ் விவிலியத்தில் யாத்திராகமம் என்ற பெயரில் இருப்பது இக்கதைதான். செசில் டிமில் என்ற இயக்குநர் 1923இலேயே இதனைப் பேசாப் படமாக எடுத்திருந்தார். பிறகு வண்ணத்தில், பன்மடங்கு பெரிதாக மீண்டும் எடுத்தார். மோசேயாக சார்ல்டன் ஹெஸ்டன். பார்வோன் ராமசேசாக யுல் பிரின்னர். டிமில் இயக்கிய கடைசிப் படம் இதுவே.

படத்தின் முற்பகுதியில் ஒரு காட்சி. பெரும் பாறைக் கற்களை அடிமைகள் கயிறு பூட்டி இழுக்கின்றனர். கற்கள் வழுக்கிச் செல்லக் கொழுப்புத் தடவும் வேலை கிழவிகளுக்கு. ஒரு கிழவியின் இடைக்கச்சை கல்லுக்கடியில் சிக்கிக்கொள்கிறது. கல் நகர்ந்தால் அவள் நசுங்குவாள். மேற்பார்வையாளனோ நிறுத்த மறுக்கிறான். ஒரு கிழவிக்காக வேலை நிற்பதா என்பது அவன் கணக்கு. அவளைக் காப்பாற்ற ஒருவன் கை ஓங்குகிறான். அப்போது இளவரசனாக இருக்கும் மோசே வந்து அவளை விடுவிக்கிறான். அவள் தன்னைப் பெற்ற தாய் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அடுத்து, மோசே பட்டினி கிடக்கும் உழைப்பாளிகளுக்குக் கோயில் களஞ்சியத்தைத் திறந்து தானியம் தருகிறான். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வும் தருகிறான். மன்னனிடம் புகார் போகிறது. தராசின் ஒரு தட்டில் குற்றச்சாட்டுக்கு ஒன்றாக எடைக்கற்களை அடுக்குகிறான் ராமசேஸ். மோசே மறுதட்டில் ஒரே ஒரு செங்கல்லை வைக்கிறான், தராசு சாய்கிறது. வயிறு நிறைந்தவன்தான் கல் அறுப்பான், செத்தவன் அறுக்கமாட்டான் என்பது அவன் வாதம்.

தோழர்களே, படம் முழுவதிலும் நம் நெஞ்சைத் தொட்ட இடங்கள் இவையே. இங்கே எரியும் புதர் இல்லை, பாம்பாகும் கோல் இல்லை, பிளக்கும் கடலும் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் துன்பத்தைக் காண்கிறான், காரணம் கேட்கிறான், களஞ்சியத்தைத் திறக்கிறான். அவ்வளவுதான். பின்னர் அந்த மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது நம் கண்கள் கசிந்தன. அதற்காக நாம் வெட்கப்படவில்லை. அடிமை விலங்கொடித்து நடப்பதைக் கண்டு கலங்காத கண் பகுத்தறிவின் கண்ணாக இருக்க முடியாது.

ஆனால், கசிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கருத்து விழித்துக்கொண்டது. கடல் எப்படிப் பிளந்தது? படப்பிடிப்பு வளாகத்தில் மாபெரும் தொட்டியொன்று கட்டினர். இருபுறமிருந்தும் நீரைக் கொட்டவிட்டுப் படம் பிடித்தனர். பிடித்த படத்தைத் தலைகீழாக ஓட்டினர். கொட்டிய நீர் எழுந்து விலகியது, கடல் பிளந்தது! ஜான் ஃபுல்டன் என்பவரின் தலைமையில் நடந்த வேலை இது. ஏழு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இப்படம் வென்றது ஒன்றே ஒன்று. அதுவும் இந்தத் தந்திரக் காட்சிகளுக்காகவே. எரியும் புதரிலிருந்து மோசேயுடன் பேசும் கடவுளின் குரல் யாருடையது? மோசேயாக நடித்த ஹெஸ்டனின் குரல்தான். ஒலியை மாற்றிச் சேர்த்தனர். கேட்டவனும் மனிதன், விடை சொன்னவனும் அதே மனிதன். மதங்களின் வரலாற்றையே சுருக்கிச் சொல்லிவிட்டார் டிமில், தம்மை அறியாமல்!

இவை வேடிக்கை. வேதனைக்குரியது வேறொன்று. படம் முடிந்ததும் யாத்திராகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று இடங்களில் நம் விரல் நின்றது.

முதல் இடம். பார்வோன் ஏன் பிடிவாதம் பிடித்தான்? அவன் நெஞ்சைத் தாமே கடினப்படுத்தியதாகக் கடவுள் சொல்கிறார் என்று நூல் திரும்பத் திரும்பக் கூறுகிறது. மன்னன் இணங்கிவிடாதபடி தடுப்பதும் அவரே. இணங்கவில்லை என்று தண்டிப்பதும் அவரே! படத்தில் என்ன செய்தார்கள்? நெஃப்ரெத்திரி என்ற அரசியைப் புகுத்தி, மோசேமீது கொண்ட காதல் நிறைவேறாத சினத்தில் அவள் மன்னனை ஏளனம் செய்து, அவன் நெஞ்சைக் கல்லாக்குவதாகக் காட்டினார்கள். கடவுள்மேல் விழ வேண்டிய பழியைப் பெண்ணின் தலையில் இறக்கினார்கள். உலகமெங்கும் நடப்பதுதானே!

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்நூலின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரு மருத்துவச்சிகள் வருகின்றனர். பிறக்கும் ஆண் குழந்தையைக் கொன்றுவிடுமாறு மன்னன் அவர்களுக்கு ஆணையிடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. எபிரேயப் பெண்கள் நாங்கள் போவதற்கு முன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று மன்னனிடமே சாக்குச் சொல்லித் தப்பிக்கின்றனர். மோசே பிறப்பதற்கு முன்பே கொடுங்கோலை மறுத்தவர்கள் இந்த இரண்டு உழைக்கும் பெண்களே. மூன்று மணி நாற்பது நிமிடப் படத்தில் இவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. காதலில் கருகும் அரசிக்குக் கிடைத்தது எத்தனை நிமிடம்!

இரண்டாம் இடம், தலைப்பிள்ளைகளின் சாவு. நூலில் இத்தண்டனையை அறிவிப்பவர் கடவுள். பார்வோனின் பிள்ளை மட்டுமன்று. எந்திரக்கல்லில் மாவரைக்கும் அடிமைப் பெண்ணின் தலைப்பிள்ளையும் சாகும், காவற்கிடங்கில் கிடக்கும் கைதியின் தலைப்பிள்ளையும் சாகும், மாட்டின் தலையீற்றும் சாகும். மாவரைத்தவள் மன்னனுக்கு ஆலோசனை சொன்னாளா? சிறையில் கிடந்தவன் ஆணையிட்டானா? இந்தக் கேள்விக்குப் பயந்தார்கள் போலும். படத்தில், எபிரேயரின் தலைப்பிள்ளைகளைக் கொல்வேன் என்று ராமசேஸ் முதலில் முழங்குகிறான். அச்சொல்லே அவன்மேல் திரும்புவதாகக் கதையை மாற்றினார்கள்.

மூன்றாம் இடம், பொற்கன்றுக்குட்டி. மலையிலிருந்து மோசே இறங்கி வருவதற்குள் மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கிவிடுகின்றனர். படத்தில், மோசே கற்பலகைகளை வீசி எறிந்ததும் தீ எழுகிறது, பூமி பிளக்கிறது, பாவிகள் உள்ளே விழுகின்றனர். நூலில் அந்த இடத்தில் பூமி பிளக்கவில்லை. மோசே லேவியரைக் கூட்டி, கையில் வாளெடுத்து, அண்ணன் தம்பி என்றும் நண்பன் என்றும் அண்டை வீட்டான் என்றும் பாராமல் வெட்டுமாறு கட்டளையிடுகிறான். அன்று வீழ்ந்தவர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் என்று கணக்கும் தரப்பட்டிருக்கிறது. அந்த வாள்களைத் திரையில் காட்ட ஹாலிவுட்டுக்குத் துணிவு வரவில்லை.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். இந்த மூன்று இடங்களையும் திருத்தியவர் யார்? நாத்திகரா? இல்லை. படத்தின் தொடக்கத்தில் தாமே திரைச்சீலைக்கு முன் தோன்றி இறைச்சட்டத்தின் மேன்மையை எடுத்துரைத்த டிமில்! அவருடைய மனச்சான்று அவரிடம் சொல்லியிருக்கிறது: குற்றமற்ற குழந்தை சாவது முறையன்று, அண்ணனைத் தம்பி வெட்டுவது அறமன்று, நெஞ்சைக் கடினப்படுத்திவிட்டுக் கடினநெஞ்சன் என்று தண்டிப்பது நீதியன்று. எனவே திருத்தினார். திருத்தியது சரி. ஆனால், வேதத்தைத் திருத்தும் உரைகல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? வேதத்திலிருந்து கிடைத்திருக்க முடியாது. மனிதர் கூடி வாழ்ந்து, பட்டுத் தெளிந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த நல்லறிவிலிருந்து கிடைத்தது. பக்தரும் அந்த உரைகல்லில் உரைத்துத்தான் தம் வேதத்தில் பொன் எது, பித்தளை எது என்று பிரிக்கிறார். பிரித்துவிட்டு, எல்லாமே பொன் என்கிறார்! நாம் சொல்வதெல்லாம், அந்த உரைகல்லை வெளிப்படையாக மேசைமேல் வையுங்கள் என்பதுதான்.

கட்டளைகள் வந்த அதிகாரத்தை அடுத்த அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? அடிமைகளை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியது! எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்து ஏழாம் ஆண்டு விடுதலை பெறலாம். ஆனால் ஆண்டான் கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் ஆண்டானுக்கே சொந்தம். மனைவி மக்களைப் பிரிய மனமில்லை என்றால், கதவோரம் நிறுத்திக் காதில் கம்பியால் குத்தி என்றைக்கும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம். அடிமையைக் கோலால் அடித்து, அவன் அங்கேயே சாகாமல் ஓரிரு நாள் பிழைத்திருந்தால் அடித்தவனுக்குத் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனுடைய பணம். பத்தாம் கட்டளையிலேயே, பிறனுடையவற்றை விரும்பாதே என்ற பட்டியலில் வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை என்று வரிசை வைத்திருக்கிறார்கள். எகிப்தில் கட்டறுத்து வந்த மக்கள் கட்டை எறிந்துவிடவில்லை. அடுத்தவன் காலுக்காக எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் இந்த அதிகாரம் தொடங்குமுன் திரையை மூடிக்கொள்கிறது.

நம்முடன் படம் பார்த்த கிறித்தவ நண்பர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, நீங்கள் எழுத்தைப் பார்க்கிறீர்கள். அமெரிக்காவில் சாட்டையடி பட்ட கறுப்பின மக்கள் இந்தக் கதையில் விடுதலையைப் பார்த்தார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நல்ல கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. 1807இல் லண்டனில் ஒரு நூல் அச்சிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தொகுத்த விவிலியம் அது. அடிமை வணிகத்தைத் தடைசெய்து பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டுதான். அடிமை முறையையோ அது அன்று தொடவில்லை. அந்த விவிலியத்தில் எகிப்தை விட்டு அடிமைகள் வெளியேறும் கதை இல்லை, வெட்டியெறிந்தார்கள். கட்டளைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். விடுதலை வேண்டாம், கட்டளை வேண்டும்! ஆண்டானுக்கு எந்தப் பக்கம் ஆபத்து என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடிமைகளும் அந்தப் பக்கத்தை அறிந்திருந்தார்கள். ஹேரியட் டப்மன் என்ற வீராங்கனையை மக்கள் மோசே என்றே அழைத்தனர். 1849இல் மேரிலாந்து மாநிலத்து அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். தாம் தப்பியது போதும் என்று இருந்துவிடாமல், ஏறத்தாழ பதின்மூன்று முறை திரும்பிச் சென்று சுமார் 70 பேரை மீட்டு வந்தவர். அவர் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். அதை மறைக்கும் தேவை நமக்கில்லை. ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். இரவு நீளும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமை இரவில் கிளம்பினார். தப்பியோடியவர் பற்றிய விளம்பரம் திங்களுக்கு முன் செய்தித்தாளில் வராது என்பது அவர் கணக்கு. கையில் துப்பாக்கி வைத்திருந்தார். வழியில் மறைவிடம் தரும் நல்லவர்களை அறிந்து வைத்திருந்தார். எந்த ஆறும் அவருக்காகப் பிளக்கவில்லை. நம்பிக்கை அவருக்கு ஊக்கம் தந்திருக்கலாம். ஆட்களை அக்கரை சேர்த்தவை அறிவும் துணிவும் தோழமையுமே.

இதனை நண்பரிடம் சொன்னோம். "ஊக்கம் சிறிய பொருளா?" என்று கேட்டார். சிறியதன்று என்று ஒப்புக்கொண்டோம். "ஆனால் அதே நூலைக் காட்டித்தான் ஆண்டான்களும் அடிமை முறை இறைவன் வகுத்தது என்று வாதாடினார்கள். இரு தரப்பும் ஒரே நூலைத் தூக்கிப் பிடித்தபோது, எத்தரப்பு சரி என்று தீர்த்தது எது?" என்று கேட்டோம். நண்பர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "மனச்சான்று," என்றார். அந்த ஒரு சொல்லில் நாங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொள்ள முடிந்தது. கடவுள் பற்றிய கருத்து வேறுபாடு அப்படியே இருக்கிறது. நட்பும் அப்படியே இருக்கிறது.

படம் பிறந்த காலத்தையும் மறக்கலாகாது. மனிதர் இறைச்சட்டத்தின்கீழ் வாழ்வதா, ராமசேஸ் போன்ற கொடுங்கோலனின் விருப்பத்தின்கீழ் வாழ்வதா என்பதே கதையின் பொருள் என்றும், அப்போராட்டம் உலகில் இன்றும் நடக்கிறது என்றும் டிமில் முன்னுரையில் பேசுகிறார். அன்றைய அமெரிக்காவில் யாரைக் குறித்து அப்பேச்சு என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. பொதுவுடைமை நாடுகளே அவர் காட்டிய எகிப்து. ஆனால் அதே டிமில், 1950இல், திரைப்பட இயக்குநர் சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் தாம் பொதுவுடைமையர் அல்லர் என்று உறுதிமொழி எழுதித்தர வேண்டும் எனக் கட்டாயப்படுத்த முனைந்தவர்; மறுத்து நின்ற சங்கத் தலைவர் ஜோசப் மான்கிவிச்சைப் பதவியிறக்க முயன்று தோற்றவர். கருத்துக்காக மனிதனை வேட்டையாடுவது எகிப்தில் நடந்தால் கொடுங்கோல், ஹாலிவுட்டில் நடந்தால் நாட்டுப்பற்றா? ஐயத்துக்கு ஆளாகி வாய்ப்பிழந்து நின்ற எட்வர்ட் ராபின்சன் என்ற நடிகருக்கு இப்படத்தில் வேலை கொடுத்தவரும் டிமில்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கொடுத்த வேடம்தான் வேடிக்கையானது: காட்டிக்கொடுக்கும் தாத்தான்!

நியூயார்க்கில் இப்படத்தின் தொடக்கவிழா 1956 நவம்பர் 8ஆம் நாள் நடந்தது. அதே வேளையில் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்துகொண்டிருந்தார்கள். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானதைத் தொடர்ந்து எழுந்த புறக்கணிப்பு, 381 நாள் நீடித்தது. தொடக்கவிழா நடந்த ஐந்தாம் நாள், நவம்பர் 13இல், அந்நகரப் பேருந்துகளில் நிறத்தால் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. திரையில் நடந்த அடிமைகளைக் கண்டு கண்ணீர் விட்ட வெள்ளையருள், தெருவில் நடந்தவர்களைக் கண்டு எத்தனை பேர் கலங்கினர்? மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய அடிமைக்கு இரங்குவதற்கு எந்தச் செலவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவனைச் சமமாக நடத்துவதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

படம் திரையோடும் நிற்கவில்லை. கழுகுகள் சங்கம் என்ற அமைப்புடன் டிமில் கைகோத்தார். பத்துக் கட்டளைகள் பொறித்த கற்கள் அமெரிக்க ஊர்கள் பலவற்றில் நடப்பட்டன. 1961இல் டெக்சாஸ் சட்டமன்ற வளாகத்தில் அச்சங்கம் அளித்த கல் 2005இல் உச்சநீதிமன்றம்வரை சென்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இருக்கலாம் என்றனர். அதே நாளில், கென்டக்கி மாநில நீதிமன்றக் கட்டடங்களில் மாட்டிய கட்டளைப் படங்கள் கூடா என்று அதே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தனர். பள்ளி வகுப்பறைகளில் மாட்டச் சொன்ன கென்டக்கிச் சட்டத்தை 1980இலேயே அம்மன்றம் நீக்கியிருந்தது. ஆயினும் 2024இல் லூசியானா மாநிலம் அதே போன்றதொரு சட்டம் இயற்றிற்று, வழக்கும் எழுந்தது. ஒரு படத்தைப் பார்த்து மகிழ்ந்தோம், கலைந்தோம் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுவே. திரையில் ஒளியாக இருப்பது, விழிப்பில்லாத இடத்தில் சட்டமாகிவிடுகிறது.

சரி, வரலாறு என்ன சொல்கிறது? ஆண்கள் மட்டும் ஆறு இலட்சம் பேர் வெளியேறியதாக நூல் கூறுகிறது. சினாய்ப் பாலையில் அகழாய்வாளர் எவ்வளவோ தேடியும் அத்தகைய பெருங்கூட்டம் நாற்பதாண்டு அலைந்ததன் சுவடு கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு சுவடு கிடைத்திருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் பாப்பிரசுச் சுவடி ஒன்று உள்ளது. மூன்றாம் ராமசேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1150களில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களுக்குக் கூலியாகத் தரவேண்டிய தானியம் வந்து சேரவில்லை. அவர்கள் அடிமைகளல்லர், கைவினைஞர்கள். பசிக்கிறது என்றார்கள். கருவிகளைக் கீழே வைத்தார்கள். காவற்சுவர்களைக் கடந்து சென்று கோயில்களருகே உட்கார்ந்தார்கள். அப்படி அவர்கள் சென்ற இடங்களுள் ஒன்று, படத்தில் பார்வோனாக வரும் அந்த இரண்டாம் ராமசேசின் நினைவுக்கோயில்! எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்று வரலாற்றறிஞர் கூறுவர். அவர்களுக்காகத் தவளை மழை பொழியவில்லை. ஆறு இரத்தமாகவில்லை. எவர் வீட்டுத் தலைப்பிள்ளையும் சாகவில்லை. உட்கார்ந்தார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள், நிலுவைத் தானியம் வந்தது.

இதற்கு ஹாலிவுட் எந்நாளும் மூன்று மணி நாற்பது நிமிடம் ஒதுக்கப்போவதில்லை. தொட்டி கட்டி நீரைக் கொட்ட வேண்டிய அவசியமும் அதில் இல்லை.

தோழர்களே, அந்தப் படத்தைப் பாருங்கள். கற்களைக் கயிறிட்டு இழுக்கும் மக்களைக் கண்டு மனம் நோகட்டும். பார்த்தபின் நூலைப் படியுங்கள். எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள், பழியை எவர் தலைக்கு மாற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையுள்ள நண்பரையும் உடன் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஏளனம் வேண்டாம், கேள்வி போதும். கேட்கக் கேட்க ஓர் உண்மை தெளிவாகும். கல்லில் பொறித்த கட்டளையைப் பெற மோசே மலை ஏறவேண்டியிருந்தது. எந்த மனிதனும் இன்னொரு மனிதனின் பணம் அல்லன் என்ற கட்டளையைக் கேட்க எந்த மலையும் ஏறவேண்டியதில்லை. அந்தக் கட்டளை அப்பத்தில் இடம் பெறவில்லை. அதனை எழுதிச் சேர்த்தவர்கள் மனிதர்களே. காத்து நிற்கவேண்டியவர்களும் நாமே.